லஞ்சம் கொடுக்காமல் பட்டா மாற்றுவது எப்படி, கேட்டால் என்ன செய்வது

பத்திரம் பதிந்த கையோடு பட்டாவை மாற்ற வேண்டும் என்று வீட்டில் பேச்செடுத்தாலே சொந்தத்தில் ஒருவர், "ஆபீஸ்ல யாரையாவது பிடிச்சாச்சா?" என்று கேட்பார். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். தன் காலத்தில் நடையாய் நடந்து, கடைசியில் ஒரு தொகையைக் கொடுத்து முடித்தவர், அந்த நடையை நமக்கு மிச்சப்படுத்த நினைக்கிறார். கூடவே ரேட்டையும் சொல்லிவிடுவார். உட்பிரிவு (ஒரு சர்வே எண்ணைப் பிரித்துப் புது எண் கொடுப்பது) இல்லை என்றால் இவ்வளவு, இருந்தால் இவ்வளவு, அவசரம் என்றால் இவ்வளவு என்று அரசாங்கம் ஒட்டி வைத்திருக்கும் கட்டண விவரத்தை விடத் தெளிவான ஒரு பட்டியல் ஊருக்குள் வாய்வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அது வாய்வழியாக மட்டுமே ஓடுவதில்தான் விஷயம் இருக்கிறது. லஞ்சத்துக்கு எழுத்து ஆகாது. ஆகவே முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து நிலத்துக்குப் பட்டா மாறுதல் வாங்குவதை வைத்து இதை எழுதுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். வாரிசுச் சான்றிதழ், மின் இணைப்பு, வீட்டு வரி பெயர் மாற்றம் என்று எதற்குப் போனாலும் அலுவலகம்தான் மாறும், முறை ஏறக்குறைய இதேதான்.

கொடுக்க வேண்டிய காசு எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கட்ட வேண்டிய நியாயமான தொகை தெரியாதவரிடம்தான் மீதியைச் சேர்த்துச் சொல்ல முடியும். கிரயப் பத்திரத்துக்கு 2023லிருந்து முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தை வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதை இணையத்திலேயே கட்டலாம், ரசீதும் வரும். ஆவண எழுத்தருக்கு எழுத்துக்கூலி உண்டு, அது அவர் உழைப்புக்கான பணம், அதில் தவறே இல்லை. ஆனால் அவர் தரும் துண்டுச்சீட்டில் இதற்கெல்லாம் கீழே "ஆபீஸ் செலவு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் காட்டி, "இது என்னண்ணே, இதுக்கு ரசீது வருமா?" என்று கேளுங்கள். கோபமே வேண்டாம், நிஜமாகவே தெரியாதவர் மாதிரி கேட்டால் போதும். சில இடங்களில் அந்த வரி அப்போதே சுருங்கிவிடும்.

இ-சேவை மையத்தில் வருமானம், சாதி, இருப்பிடம் மாதிரியான வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு வழக்கமாக 60 ரூபாய். உட்பிரிவு செய்ய வேண்டிய நிலம் என்றால் அதற்கென்று அரசுக் கட்டணம் தனியாக உண்டு, அதற்கும் ரசீது உண்டு. ரசீது கிடைக்கும் தொகை எவ்வளவாக இருந்தாலும் கட்டுங்கள். கிடைக்காத தொகை பத்தே ரூபாயாக இருந்தாலும் அது வேறு வகை.

கோப்பு எந்த மேசையில் இருக்கிறது

ஒரு சர்வே எண்ணையோ ஏற்கெனவே உள்ள உட்பிரிவையோ முழுசாக ஒருவரே விற்று இன்னொருவர் வாங்கினால் பெரிய வேலை எதுவும் கிடையாது. பதிவின்போதே விவரம் வருவாய்த்துறைக்குப் போய், பல இடங்களில் பட்டா தானாகவே மாறிவிடுகிறது. சிக்கல் வருவது ஒரு எண்ணில் பாதியை வாங்கும்போது. அப்போது சர்வேயர் வந்து அளக்க வேண்டும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தில் புதுக் கோடு விழ வேண்டும், புது உட்பிரிவு எண் வர வேண்டும், அதற்கு மேல் உள்ள நில அளவை அலுவலர் சரிபார்க்க வேண்டும், கடைசியில் தாசில்தார் உத்தரவு. உட்பிரிவு இல்லாத கூட்டுப் பட்டா, வாரிசு வழி மாறுதல் என்றால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அறிக்கை, வருவாய் ஆய்வாளர், மண்டல துணை தாசில்தார் என்று போகும். உட்பிரிவு இல்லாததற்கு 15 நாள், உட்பிரிவு உள்ளதற்கு 30 நாள் என்று அரசே வைத்த கெடு இருக்கிறது. நடைமுறையில் தாண்டும்தான், ஆனால் கேள்வி கேட்பதற்கு அந்தக் கெடுதான் நமக்குப் பிடி.

விண்ணப்பித்ததும் ஒரு எண் வரும். அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள், அதை வைத்து இணையத்தில் நிலையைப் பார்க்கலாம். நிலையைப் பார்க்கும்போதெல்லாம் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "சர்வேயரிடம் நிலுவை" என்று ஒரே வரி வாரக்கணக்கில் அசையாமல் நின்றிருந்தது என்பதைப் பின்னால் காட்ட வேண்டிவரும்.

பிடி கொடுக்காமல் இருப்பது

எழுத்துப் பிழைதான் லஞ்சத்தின் முதல் வாசல். பத்திரத்தில் ப. முத்துச்சாமி, ஆதாரில் முத்துசாமி பழனியப்பன், பழைய பட்டாவில் பழனியப்பன் மகன் முத்து. மூன்றும் ஒரே ஆள் என்று ஊருக்கே தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும், ஆனாலும் "பேரு மேட்ச் ஆகலையே சார்" என்று இழுத்த இழுப்பில் உங்கள் முகத்தைப் பார்ப்பார். விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்துவிடுங்கள். ஒரு உறுதிமொழிப் பத்திரம், முடிந்தால் ஆதாரில் திருத்தம். மூலப் பத்திரம், நீண்ட காலத்துக்கான வில்லங்கச் சான்று, விற்றவர் பெயரில் பட்டா இல்லை என்றால் அவருக்கு எப்படி வந்தது என்று காட்டும் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கட்டும். வாங்கும்போதே விற்பவர் பெயருக்குப் பட்டாவை மாற்றித் தரச் சொல்லிவிட்டு வாங்குவது எல்லாவற்றையும் விட உத்தமம். அந்தத் தலைவலியைச் சேர்த்து விலை பேசியவர்கள் மிகக் குறைவு, தலைவலியையும் சேர்த்து வாங்கி வந்தவர்கள்தான் அதிகம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் காகிதத்தில் நிஜமான ஓட்டை இருந்தால், உதாரணமாக ஒரு வாரிசின் கையெழுத்து இல்லாமல் சொத்தை வாங்கியிருந்தால், இந்தக் குறிப்பு உதவாது. அதைப் பணம் கொடுத்து அடைத்தால் நாளை அதே ஓட்டை வழியாக வழக்கு வரும். வக்கீலைப் பாருங்கள்.

எப்படிக் கேட்பார்கள்

சினிமாவில் வருகிற மாதிரி யாரும் இவ்வளவு வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்பதில்லை. "ஒருதடவை ஆபீஸ் பக்கம் நேர்ல வந்துட்டுப் போங்க." "ஃபீல்டுக்கு வரணும், வண்டி வேற சரியில்ல." "நான் எதுவும் எதிர்பார்க்கல, மேல இருக்கிறவங்களைக் கவனிக்கணும்ல." "பார்த்துப் பண்ணுங்க." இதில் எந்த வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றமில்லை, அதனால்தான் அப்படிப் பேசுகிறார்கள். பல விஏஓ அலுவலகங்களில் ஓரமாக ஒரு சின்ன மேசை போட்டு ஒரு உதவியாளர் உட்கார்ந்திருப்பார். அரசு ஊழியர் இல்லை, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை, ஆனால் அடங்கல் என்ற கிராமக் கணக்கு எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். தொகையைச் சொல்வது பெரும்பாலும் அவர்தான். அதிகாரி அந்த நேரம் ஃபோனில் பேசிக்கொண்டோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டோ இருப்பார்.

இந்த இடத்தில் உங்களுக்கு மூன்று வாக்கியம் போதும், சிரித்த முகத்தோடு சொல்லலாம். "எவ்வளவு சார், எதுக்கு?" "செலான் கட்டணும்னா சொல்லுங்க, இப்பவே ஆன்லைன்ல கட்டிடறேன்." "என்ன டாக்குமெண்ட் குறையுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்திடுங்க சார், நாளைக்கே கொண்டுவந்து தர்றேன்." மூன்றாவதுதான் முக்கியம். எழுதிக் கொடுக்கச் சொன்னதும் பாதிக் குறைகள் காணாமல் போய்விடும், ஏனென்றால் இல்லாத விதியை எழுதிக் கையெழுத்துப் போட யாரும் துணிவதில்லை.

கத்தாதீர்கள், வீடியோ எடுக்கிறேன் என்று ஃபோனை முகத்துக்கு நேராக நீட்டாதீர்கள், "நான் யார் தெரியுமா" வேண்டவே வேண்டாம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று உங்கள் மேலேயே புகார் வந்தால் பட்டா போய் ஜாமீன் முக்கியமாகிவிடும். சென்னையில் ஐந்தாவது தூண் என்ற அமைப்பு 2007லிருந்து பூஜ்ய ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. பார்க்க நிஜ நோட்டு மாதிரியே இருக்கும், லஞ்சம் வாங்கவும் மாட்டேன் கொடுக்கவும் மாட்டேன் என்று உறுதிமொழி அச்சாகியிருக்கும். அதை நீட்டினால் சிலர் வெட்கப்பட்டு வேலையை முடித்துக் கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. வெட்கப்படுகிறவரிடம் அது எடுபடும். என்னைக் கேட்டால் அதைவிட விண்ணப்ப எண் எழுதிய ஒரு மனு நகல்தான் அதிகம் பேசும்.

எழுத்தில் நகர்த்துவது

கெடு தாண்டிய மறுநாளே தாசில்தாருக்கு ஒரு மனு. அரைப் பக்கம் போதும். விண்ணப்ப எண், தேதி, சர்வே எண், எந்த நிலையில் எத்தனை நாளாக நிற்கிறது, முடித்துத் தரும்படி அல்லது காரணத்தை எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்கிறேன். யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டாம். தாலுகா அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை வேண்டாம், தபாலாபீஸுக்குப் போய் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுக்கும் மனு திரும்ப அதே தாசில்தாரிடம்தான் வரும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். உண்மைதான், ஆனால் வரும்போது ஒரு எண்ணோடு வருகிறது, பதில் சொல்ல வேண்டிய கடமையோடு வருகிறது. "முதல்வரின் முகவரி" என்ற அரசின் குறைதீர்ப்புத் திட்டம், 1100 உதவி எண் இரண்டும் அதே வகை. வருஷத்துக்கு ஒருமுறை தாலுகாவில் ஜமாபந்தி நடக்கும்போது கிராமக் கணக்குகள் எல்லாம் மேலதிகாரி முன்னால் வந்து நிற்கும். பழைய நிலுவை மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க அதைவிடத் தோதான நாள் கிடையாது.

விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டால் பயப்பட வேண்டாம். தள்ளுபடி என்பது ஒரு உத்தரவு, அதில் காரணம் இருக்கும், காரணம் இருந்தால் மேல்முறையீடு உண்டு. 1983ஆம் வருஷத்து பட்டா பாஸ்புக் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. "ஆவணங்கள் முறையாக இல்லை" என்று ஒற்றை வரியில் தள்ளியிருந்தால் எந்த ஆவணம், என்ன குறை என்பதையே மேல்முறையீட்டில் முதல் கேள்வியாக வையுங்கள்.

தள்ளவும் இல்லை, முடிக்கவும் இல்லை என்றால்தான் தகவல் உரிமைச் சட்டம். 2005லிருந்து இருக்கிறது, தமிழ்நாட்டில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், இணையத்திலும் அனுப்பலாம். "ஏன் தாமதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை, இருக்கிற ஆவணத்தைக் கொடுப்பதுதான் கட்டாயம். ஆகவே இப்படி எழுதுங்கள்:

"எனது இந்த எண் விண்ணப்பம் பெறப்பட்ட நாள் முதல் இன்று வரை எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது என்ற விவரம், அந்த அலுவலர்களின் பதவிப் பெயருடன். இவ்வகை விண்ணப்பத்தை முடிக்க நிர்ணயித்த கால வரம்பைக் குறிப்பிடும் அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல். எனக்குப் பிறகு விண்ணப்பித்து எனக்கு முன் உத்தரவு பெற்ற விண்ணப்பங்களின் எண், பெறப்பட்ட தேதி, உத்தரவு தேதி. எனது கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல்."

மூன்றாவது கேள்விதான் உறுத்தும். வரிசையைத் தாண்டி யாருக்கு எப்போது முடிந்தது என்பதை அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்கிறோம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆணையம் வரை போனால் நாளாகும், ஆனால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. மனு மேசைக்கு வந்த வாரமே சர்வேயர் ஃபோன் செய்து, "சார், சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று கேட்ட கதைகள் எந்தத் தாலுகாவிலும் உண்டு.

சரி, இதை ஒழிப்பது யார் பொறுப்பு

டீக்கடைத் தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: கொடுக்கிறவன் இருக்கிறதால வாங்குறவன் இருக்கான். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் வயலை விற்று மகள் படிப்புக்குப் பணம் கட்டப் பட்டாவுக்காகக் காத்திருப்பவரையும், மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி ஐந்து மாடி கட்டுபவரையும் ஒரே தட்டில் வைக்கும் தீர்ப்பு அது. முன்னவர் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறார், அவரிடம் வாங்குவது பறிப்பு. பின்னவர் சேரக் கூடாததை வாங்குகிறார், அவர் கூட்டாளி. ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டு 1000 ரூபாய் அபராதத்துக்குப் பதில், "ஒரு இருநூறு வெச்சுக்கங்க சார்" என்று நாமே தொடங்கினால் நாமும் அந்த இரண்டாவது ஆள்தான். ஊழலைப் பற்றி ஓங்கிப் பேசுகிற நம்மில் பலர் லைசென்ஸை டிரைவிங் ஸ்கூல் பேக்கேஜில் எட்டுப் போடாமல் வாங்கியவர்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

இந்த வித்தியாசம் சட்டத்திலும் ஒரு அளவுக்கு இருக்கிறது. கௌசிக் பாசு மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தபோது, 2011ல், உரிமைப்பட்ட வேலைக்காகக் கட்டாயத்தில் கொடுக்கும் லஞ்சத்தைக் கொடுப்பவர் பக்கம் குற்றமாக வைக்கக் கூடாது, அப்போதுதான் கொடுத்தவர் துணிந்து காட்டிக் கொடுப்பார் என்று எழுதி பெரிய விவாதமே நடந்தது. 2018ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது நாடாளுமன்றம் அவ்வளவு தூரம் போகவில்லை. கொடுப்பதும் குற்றம், 7 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம் என்று வைத்துவிட்டு, கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவருக்கு அது பொருந்தாது என்றது. முன்கூட்டியே புகார் சொல்லிவிட்டு, பிடித்துக் கொடுப்பதற்காகக் கொடுப்பவருக்கும் பொருந்தாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்த 7 நாளை மறக்காதீர்கள். இப்போதெல்லாம் மச்சான் நம்பருக்கு ஜிபே பண்ணுங்க என்று சொல்லும் அளவுக்குப் போயிருக்கிறது. அந்தப் பரிவர்த்தனைப் பதிவை அழிக்காதீர்கள், அதுவே சாட்சி.

நம் பொறுப்பு இந்த இடத்தோடு முடிகிறது என்பது என் கருத்து: சேரக் கூடாததைக் கேட்காமல் இருப்பது, சேர வேண்டியதற்குக் கொடுக்காமல் முயல்வது, முடிந்தால் புகார் சொல்வது. அதற்கு மேல் உள்ள சுமையை மக்கள் தலையில் ஏற்றுவது மேலே இருப்பவர்களுக்கு வசதியான பேச்சு. எந்த மேசையில் எத்தனை விண்ணப்பம் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது இப்போது தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர் மூவருக்கும் கணினியில் தெரியும். ஒரே சர்வேயரிடம் மட்டும் எல்லாமே கெடு தாண்டிக் கிடந்தால், அதில் சிலது மட்டும் மின்னல் வேகத்தில் முடிந்தால், என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் புலி வேண்டியதில்லை. தீபாவளி நெருங்கும்போது பதிவு அலுவலகங்களிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களிலும் சோதனை நடந்து, கணக்கில் வராத பணம் பிடிபட்டது என்று வருஷா வருஷம் செய்தி வருகிறது. மற்ற மாதங்களில் அந்தப் பணம் எங்கே இருந்தது என்று அந்தந்தத் துறையின் மேலதிகாரியிடம் யாரும் கேட்பதில்லை. கெடுவுக்குள் வேலையை முடிக்காத ஊழியருக்கு அபராதம் விதிக்கும் சேவை உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010லேயே கொண்டுவந்தது, பீகாரும் கர்நாடகமும் பின்னாலேயே வந்தன. தமிழ்நாட்டிலும் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

பிடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தால்

எல்லோரும் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். உள்ளூரில் தனியாக வாழும் வயதானவர், அதே அலுவலகத்துக்குத் தினமும் போக வேண்டியவர் தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. துணிந்தவர்களுக்கு மட்டும் இது.

மாநில அரசு ஊழியர் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம், பேச்சுவழக்கில் லஞ்ச ஒழிப்புத்துறை. 1964லிருந்து இருக்கிறது, மாவட்டங்களில் டிஎஸ்பி தலைமையில் பிரிவுகள் இருக்கின்றன. தொலைபேசி எண் அரசு அலுவலகங்களில் வாசல் பக்கம் பலகையில் இருக்கும், பல இடங்களில் பீரோவுக்குப் பின்னால் இருக்கும், தேடிப் பாருங்கள். மத்திய அரசு ஊழியர், வங்கி, ரயில்வே என்றால் சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவு.

பணம் கேட்டதும் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டு வந்தால் பொறி வைக்க முடியாது. "கையில இல்ல சார், ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஃபோனில் பேச்சு பதிவாகியிருந்தால் அந்த ஃபோனை அப்படியே வையுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், நண்பர்கள் குரூப்பில் போடவே வேண்டாம், ஒருவர் வாய் தவறினாலும் அந்த ஊழியர் மறுநாளே விடுப்பில் போய்விடுவார்.

புகாரை எழுத்தில் கொடுங்கள், முதல் தகவல் அறிக்கை பதிவாகும். பெரும்பாலும் நோட்டுகளை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அவற்றின் எண்களை எழுதிக்கொண்டு, ஃபினால்ப்தலீன் பொடி தடவி, வேறு துறையைச் சேர்ந்த இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக வைத்து, எல்லாவற்றையும் மகஜராக (நடந்ததைச் சாட்சிகள் முன் பதிவுசெய்யும் ஆவணம்) எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வெள்ளைப் பொடிதான், நோட்டில் இருப்பது கண்ணுக்கே தெரியாது. சாட்சிகளில் ஒருவர் உங்கள் கூடவே வருவார், சித்தப்பா பையன் என்று ஏதோ ஒரு உறவு சொல்லிக் கூட்டிப் போவீர்கள்.

உள்ளே போனதும் அவசரப்பட்டுப் பணத்தை நீட்டாதீர்கள். அவர் கேட்க வேண்டும். கேட்டதும் வாங்கியதும் இரண்டுமே நிரூபணம் ஆக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்னது. வெறுமனே பணம் கையில் இருந்தது என்பது போதாது. அதனால், "சார் என் பட்டா விஷயம்..." என்று தொடங்கிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "சொன்னது கொண்டாந்தீங்களா?" என்று அவர் கேட்டால் அந்த ஒரு வாக்கியம் போதும். உதவியாளரிடம் கொடு, டிராயரில் போடு என்றால் சொன்னபடி செய்யுங்கள், ஆனால் அவர் சொன்னதைக் கூட வந்தவர் காதில் விழும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுங்கள்: "இவர்கிட்டயா சார்?" கைகுலுக்க வேண்டாம், பொடி ஒட்டிக்கொள்ளும், பின்னால் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். வெளியே வந்து, சொல்லி வைத்த சைகையைக் காட்டியதும் உங்கள் வேலை முடிந்தது. மீதி அவர்கள் பாடு: கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல், அதில் விரல்களை நனைக்கச் சொன்னால் நிறமில்லாத தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், அதைப் பாட்டிலில் ஊற்றி சீல் வைப்பார்கள்.

நீங்கள் கொடுத்த நோட்டுகள் வழக்குச் சொத்தாகப் போய்விடும். அந்தத் தொகையைத் துறையிலிருந்து ஈடுசெய்ய வழி உண்டு, விசாரணை அதிகாரியிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். பட்டா என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்த நாற்காலிக்குப் பொறுப்புக்கு வரும் வேறு ஒருவர்தான் அதை முடிக்கப் போகிறார். உங்கள் கோப்பு ஒரு வழக்கில் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு அதில் காசு கேட்கிற தைரியம் அவருக்கு வராது. கைதுக்கு அடுத்த வாரமே கலெக்டருக்கு ஒரு மனு கொடுத்துவிடுங்கள், அசல் கோப்பை எடுத்துப் போயிருந்தால் நகலை வைத்து நடவடிக்கை எடுக்கும்படி.

நிஜமான சோதனை பிறகு வரும். 2018 திருத்தம் இந்த வழக்குகளை 2 ஆண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது, நடப்பு அவ்வளவு வேகமாக இல்லை. அதற்குள் அவர் ஜாமீனில் வந்திருப்பார், மறுபடி வேலையிலும் சேர்ந்திருக்கலாம். உங்கள் ஊர்க்காரர் ஒருவர், இரண்டு பக்கமும் வேண்டப்பட்டவர், மாலை நேரத்தில் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, "பிள்ளைகுட்டிக்காரன், பாவம், கோர்ட்ல கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார். அங்கேதான் நிறைய வழக்குகள் சாய்கின்றன. புகார்தாரர் முன்பு சொன்னதை மாற்றிப் பேசிப் பிறழ்சாட்சி ஆனாலோ இறந்தே போனாலோ கூட மற்ற சாட்சியங்களை வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே உங்களை மாற்றிப் பேச வைத்தாலும் அவர் தப்பிப்பார் என்ற உத்தரவாதம் இல்லை, பொய்ச் சாட்சி சொன்ன சிக்கல் மட்டும் உங்களுக்கு வரும். வந்தவரிடம் இதை அப்படியே சொல்லி அனுப்பலாம்.

புகாரின் நகல், மகஜரில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பக்கம், அன்றைக்கு என்ன நடந்தது என்று அன்று இரவே நீங்கள் எழுதி வைத்த குறிப்பு (கட்டாயம் எழுதி வையுங்கள், சில வருஷம் கழித்து எந்தப் பக்கம் மேசை இருந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்), இவற்றை ஒரே கவரில் போட்டு வையுங்கள். சம்மன் வந்ததும் எடுத்து ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள், நினைவில்லாததற்கு நினைவில்லை என்று சொல்லுங்கள். சாட்சிக்குப் போக்குவரத்துப் படி உண்டு, நீதிமன்ற ஊழியரிடம் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.